மூப்பும் பிணியும்

சமந்தபத்திராசாரியார் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சல்லேகனைக்குரிய காலத்தைக் கூறுமிடத்து, போக்க வழியில்லாத இடையூறு, பஞ்சம், மூப்பு, பிணி என நான்கனை எண்ணுகிறார். அந்நூலின் வழியே தமிழில் எழுந்த அருங்கலச்செப்பைப் பயிலும் நம் இல்லத்தார்க்கு இது புதிதன்று. ஆயினும் மூப்பும் பிணியும் ஏன் தனித்தனியே வைக்கப்பட்டன என்று நாம் நின்று எண்ணுவதில்லை. மூப்பே பிணியாயின் மூன்று போதுமே!

இதற்கு விடை தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் கிடைக்கிறது. பரிணாமத்தையும், மூத்தது இளையது என்னும் வேறுபாட்டையும் காலத் திரவியத்தின் உபகாரங்களுள் வைத்தார் உமாசுவாமி முனிவர். துன்ப நுகர்வோ அசாதா வேதனீய வினையின் பயன். ஆகவே நரையும் திரையும் புற்கலத்தின் பரிணாமம், உடல்நோவு வேறு.

இன்றைய மருத்துவத்தில் இவ்வெல்லை மங்கி வருகிறது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் சோதனையைக் காண்போம். 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு வகுத்த அளவுகோலின்படி, ஒரு மூதாட்டியின் எலும்பு இளம்பெண்களின் சராசரியோடு ஒப்பிடப்படுகிறது. அதனினும் 2.5 திட்ட விலக்கம் அல்லது அதற்கு மேல் தாழ்ந்தால் எலும்புப்புரை நோய். 1 முதல் 2.5 வரை தாழ்ந்தால் அடர்த்திக் குறைவு. இடுப்பெலும்பு முறிவைத் தடுக்க இச்சோதனை உதவுவதை மறுப்பதற்கில்லை. ஆனால் எழுபது வயது எலும்பை முப்பது வயது எலும்போடு ஒப்பிட்டால், வலியேதும் அறியாத பாட்டியும் குறையுடையவராகவே தோன்றுவார். 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பன்னாட்டு நோய்ப் பகுப்பில் ‘முதுமை’ என்றே ஒரு குறியீடு இடம்பெறவிருந்தது. அறிஞர் பலர் எதிர்த்தபின் அச்சொல் மாற்றப்பட்டது.

இதன் மறுபுறமும் உண்டு. ‘வயதானால் அப்படித்தான்’ என்று கண்புரையையும் விட்டுவிடுகிறோம். அது அறுவையால் நீங்கும் பிணி. உயிர்களை மிதியாது பார்த்து நடத்தலும் சாத்திரம் ஓதலும் கண்ணால் ஆகுபவையல்லவா?

இல்லத்தில் இக்குழப்பம் பெரிதும் தாக்குவது இரவுண்ணாமையை. ஐம்பது ஆண்டு காத்த நோன்பு, ‘இரவு உணவுக்குப்பின்’ என்று சீட்டில் எழுதிய ஒரு மாத்திரையால் கைவிடப்படுகிறது. பிள்ளைகளும், ‘நோயாளிக்கு இனி விரதம் எதற்கு?’ என்கின்றனர். அவர் நோயாளியா, முதியவரா என்று கேட்பாரில்லை. பொழுது சாயுமுன் உட்கொள்ளலாகுமா என மருத்துவரை வினவுவோரும் சிலரே. நேரத்தை மாற்ற இடந்தரும் மருந்துகள் உண்டு, இடந்தராதனவும் உண்டு. ஆதலின் தாமாக மாற்றுதலும் நிறுத்துதலும் கூடா. அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது, சீட்டை மட்டும் எடுத்துச் செல்லாமல் பெரியவரையும் உடன் அழைத்துச் செல்க. தம் நோன்பை அவரே தம் வாயால் கூறட்டும்.