"இங்கே ஒரு மாஸ் ஃபைட்": அந்த வரிக்கு அப்புறம் ஸ்கிரிப்ட் ஏன் நிக்குது?

ஆக்‌ஷன் வெப் சீரிஸ் எழுதுற நண்பர்கள் யாரோட ஸ்கிரிப்டை வாங்கிப் பார்த்தாலும் ஒரு வரி தவறாம இருக்கும்: "இங்கே ஒரு மாஸ் ஃபைட் வருது." அதுக்கு மேல மூணு பக்கம் டயலாக் ஓடியிருக்கும். கீழே காலி. அடுத்த செமஸ்டர்ல கேட்டாலும் ஃபைல் அதே இடத்துலதான் நிக்கும். "கிரியேட்டிவ் பிளாக் மச்சி" என்று பதில் வரும்.

உண்மையில் அந்த ஒரு வரிதான் பிளாக். சண்டைக்கு முன்னாடி எடுக்க வேண்டிய முடிவுகளை எடுக்காம, அதை "மாஸ்" என்ற வார்த்தையால மூடி வெச்சிருக்கோம். யாருக்கு என்ன வேணும்? எவ்வளவு நேரத்துக்குள்ள வேணும்? தோத்தா என்ன போகும்? இந்த மூணும் தெரியாம ஃபைட் எழுத உட்கார்றது, கிவன் டேட்டா இல்லாம கணக்குப் போடுற மாதிரி. பேனா நிக்கத்தான் செய்யும்.

1. 'கைதி'யைப் பிரிச்சுப் பார்ப்போம்

2019 தீபாவளிக்கு வந்த லோகேஷ் கனகராஜின் 'கைதி'யில பாட்டு கிடையாது, ஹீரோயின் கிடையாது. கதை ஒரே ராத்திரி. சண்டைகளை எடுத்துட்டு மிச்சத்தை மட்டும் பாருங்க.

டில்லிக்கு என்ன வேணும்? ஜெயில்ல இருந்து வந்ததும், இதுவரை பார்க்காத மகளைப் பார்க்கணும். நேரம்? விஷம் கலந்த மதுவைக் குடிச்ச போலீஸ்காரங்க லாரியில மயங்கிக் கிடக்காங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். இன்னொரு பக்கம் கமிஷனர் ஆபீஸை ஒரு கும்பல் முற்றுகை போட்டிருக்கு. உள்ளே ஒரு கான்ஸ்டபிளும் சில காலேஜ் பசங்களும் மட்டும். தோத்தா? லாரியில இருக்கிற உயிர்கள், ஆபீஸுக்குள்ள இருக்கிற உயிர்கள், மகளைப் பார்க்கிற வாய்ப்பு, எல்லாமே போகும்.

இவ்வளவும் முடிவான பிறகு சண்டை தானா வருது. லாரி போகணும், யாரோ மறிக்கணும், அவ்வளவுதான். ஒவ்வொரு சண்டையும் டில்லிக்கும் மகளுக்கும் நடுவுல நிக்கிற ஒரு சுவர். அதனாலதான் நாம அடியை எண்ணாம அவன் போய்ச் சேருவானான்னு பார்க்கிறோம்.

உங்க ஸ்கிரிப்ட்ல அந்தக் காலி இடத்துக்கு மேல இந்த மூணு பதிலையும் ஒவ்வொரு வரியா எழுதுங்க. எழுத முடியலைன்னா பிரச்சினை ஃபைட்ல இல்லை, முதல் பக்கத்துல இருக்கு. அங்கே திரும்பிப் போங்க.

2. கையில இருக்கிறதை எழுதுங்க

இரண்டாவது பிளாக், எடுக்க முடியாததைக் கற்பனை பண்றதால வருது. பத்து ஸ்கார்ப்பியோ பறக்கிற சீனை மனசுல ஓட்டிட்டு, பர்ஸைத் திறந்தா 400 ரூபாய் இருக்கும். கை தானா நிக்கும்.

ராபர்ட் ரோட்ரிகஸ் 23 வயசுல 'எல் மரியாச்சி' எடுத்தார். செலவு சுமார் 7,000 டாலர். அதுல ஒரு பகுதி, மருந்து பரிசோதனைக்குத் தன் உடம்பைக் கொடுத்துச் சம்பாதிச்சது. மெக்சிகோவின் எல்லையில இருக்கிற ஒரு சின்ன ஊர்ல படப்பிடிப்பு. கைக்கு என்னென்ன கிடைக்கும்னு முதல்ல பார்த்தார்: ஒரு பஸ், ஒரு மதுக்கடை, ஒரு ஆமை, ஒரு நாய். அதை வெச்சுத்தான் கதை எழுதினார். டிராலிக்குப் பதிலா வீல்சேர். கேமராவோடு சேர்ந்து ஒலி பதிவு பண்ண வசதி இல்லாததால, ஷாட் முடிஞ்சதும் அதே வசனத்தைத் தனியா டேப்ல பதிவு பண்ணிக்கிட்டார்.

இன்னொரு விஷயம் நமக்கு ரொம்ப முக்கியம். இதை அவர் பெரிய படமா நினைச்சு ஆரம்பிக்கலை. ஸ்பானிஷ் வீடியோ மார்க்கெட்டுக்கு மூணு படம் எடுத்துக் கை பழகணும், அதுதான் திட்டம். பயிற்சின்னு நினைச்சதால பயம் குறைஞ்சது. அந்தப் பயிற்சிப் படத்தைத்தான் கொலம்பியா நிறுவனம் வாங்கி வெளியிட்டது, 1993-ல சன்டான்ஸ் விழாவுல ஆடியன்ஸ் விருதும் கிடைச்சது. நீங்களும் எட்டு எபிசோடை மறந்துட்டு, முதல் எபிசோடை மட்டும் ஒரு பயிற்சியா நினைச்சு எழுதுங்க.

3. அம்பத்தூர்ல ஒரு ஃபைட்: செஞ்சு பார்ப்போம்

நம்ம பக்கத்துல என்ன இருக்கு? அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் பட்டறைகள், தகர ஷெட்டுக்கு நடுவுல சந்துகள், ஷட்டர்கள், ஷேர் ஆட்டோ, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு, ராத்திரி டீக்கடை. நம்ம கிளாஸ்லயே டூல் அண்ட் டை பத்தித் தெரிஞ்ச நாலு பேர் இருப்பாங்க. இது போதும்.

ஹீரோ ஒரு பட்டறைப் பையன். கடினப்படுத்தின ஒரு பிரஸ் டை அவன் கையில. எடை 12 கிலோ. விடியக்காலை 6 மணிக்குள்ள திருமழிசையில ஒரு கம்பெனியில அதைச் சேர்க்கணும். சேரலைன்னா ஆர்டர் போகும், பட்டறையை மூடணும். டை கீழே விழக் கூடாது, முனை உடைஞ்சா அதோட மதிப்பு பழைய இரும்பு விலைதான். இப்போ சண்டை எழுதலாம்:

அ) சந்து வாசல்ல இரண்டு பேர். ஹீரோ சண்டைக்கு நிக்கலை, திரும்பப் பார்க்கிறான்.
ஆ) பின்னாடி ஷட்டர் இறங்குது.
இ) இடது கையில டை. வலது கையால மட்டும் தடுக்கிறான்.
ஈ) எதிரிக்குப் புரிஞ்சுடுது: இவனை அடிக்கவே வேண்டாம், டையைத் தட்டிவிட்டாப் போதும்.
உ) டை கை நழுவுது. ஹீரோ தன் காலை நீட்டி அதுல வாங்கிக்கிறான். டை தப்பிச்சது, கால் போச்சு.

மணி நாலரை. இனி நொண்டிக்கிட்டே பூந்தமல்லி தாண்டிப் போகணும். எபிசோடு முடிஞ்சது, அடுத்த எபிசோடுக்குக் காரணமும் கிடைச்சது.

இதுல "மாஸ்" என்ற வார்த்தையே வரலை, பத்து பேர் பறக்கவும் இல்லை. ஒவ்வொரு அடியிலயும் நிலைமை மாறுது, அதுதான் ஃபைட்டுக்கான இலக்கணம். நிலைமை மாறாத அடி எத்தனை இருந்தாலும் எடிட்டிங்ல வெட்டத்தான் போறீங்க.

எடுக்கிறதும் சுலபம். டை என்பது சாம்பல் பெயின்ட் அடிச்ச தெர்மாக்கோல். அது கால்ல விழுறதைக் காட்டவே வேண்டாம். கை நழுவுறது ஒரு ஷாட், முகம் ஒரு ஷாட். சிமென்ட் தரையில இரும்பை மோதி அந்தச் சத்தத்தை மொபைல்ல தனியா எடுத்துச் சேருங்க. வலி காதுல வரும்.

4. எழுத வரலைன்னா வரையுங்க

ஆக்‌ஷன் என்பது அசைவு. அதை வாக்கியமா யோசிக்கிறப்போ சிலருக்கு அடைச்சுக்கும். 2015-ல வந்த 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' படத்துக்கு ஜார்ஜ் மில்லர் வழக்கமான திரைக்கதைக்கு முன்னாடியே சுமார் 3,500 ஸ்டோரிபோர்டு படங்களைத் தயார் பண்ணினார். உங்களுக்கு 20 கட்டம் போதும். குச்சி மனுஷன் வரைஞ்சாலும் பரவாயில்லை. அதுவும் வரலைன்னா, இரண்டு நண்பர்களை ஹாஸ்டல் வராண்டாவுல மெதுவா நடந்து காட்டச் சொல்லி மொபைல்ல பிடிங்க. மேலே சொன்ன 'ஈ' மாதிரி விஷயங்கள் பெரும்பாலும் இப்படி நடந்து பார்க்கிறப்போதான் தோணும்.

5. ஐடியா இல்லாத இடத்துல ரிஸ்க்கை வைக்காதீங்க

பிளாக்கோட மோசமான விளைவு இதுதான். புதுசா எதுவும் தோணலைன்னா, "மாடியில இருந்து நிஜமாவே குதிக்கலாம்", "ஓடுற டிரெயின்ல எடுக்கலாம்" என்று பேச்சு திரும்பும். கற்பனை தர வேண்டிய பரபரப்பை நண்பனோட எலும்பு தரணும்னு கேட்கிறோம்.

2020 பிப்ரவரி 19 அன்னைக்கு ராத்திரி, நம்ம பூந்தமல்லி பக்கத்துல இருக்கிற ஈவிபி ஃபிலிம் சிட்டியில 'இந்தியன் 2' வேலை நடந்தப்போ கிரேன் சரிஞ்சு மூணு பேர் இறந்தாங்க. அதுல ஒருத்தர் உதவி இயக்குநர். பெரிய பட்ஜெட், அனுபவசாலிகள் இருந்த இடத்துலயே அப்படின்னா, நம்ம கிட்ட இருக்கிறது ஒரு ஃபர்ஸ்ட் எய்டு பாக்ஸ் மட்டும். அதனால சில கோடுகள்:

• தண்டவாளம் வேண்டாம். அத்துமீறி நுழைஞ்சா ரயில்வே சட்டம் 147-வது பிரிவுப்படி ஆறு மாசம் வரை சிறை கிடைக்கலாம். உயிர் அதைவிடப் பெருசு.
• ஆவடியில பாதுகாப்புத் துறை இடங்கள் நிறைய. அந்தப் பக்கம் கேமரா, டம்மி துப்பாக்கி, டிரோன் எதுவும் எடுத்துட்டுப் போகாதீங்க. வேற எங்கே டிரோன் விட நினைச்சாலும் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்துல அந்த இடம் எந்த மண்டலம்னு பாருங்க.
• குத்து முகத்துல இருந்து ஒரு அடி தள்ளிப் போகட்டும். அடி வாங்குறவரோட தோளுக்குப் பின்னாடி கேமராவை வெச்சா அந்த இடைவெளி தெரியாது.
• முதல்ல பாதி வேகத்துல ஒத்திகை. யார் "கட்" சொன்னாலும் எல்லாரும் நிக்கணும், அது டைரக்டரா இருக்கணும்னு இல்லை.
• நிஜக் கண்ணாடி, நிஜக் கத்தி, தரையில நிஜ ஆயில் வேண்டாம்.

இந்த வார வேலை

ஒரு ஏ4 தாளை எடுங்க. மேலே மூணு வரி: என்ன வேணும், எப்போதுக்குள்ள, தோத்தா என்ன போகும். நடுவுல உங்க தெருவுல காசு இல்லாம கிடைக்கிற பத்துப் பொருள், இடம். அதுல ஹீரோ கீழே வைக்கவே முடியாத ஒரு பொருளைச் சுழிங்க. கீழே 'அ'-வில இருந்து 'உ' வரைக்கும் ஐந்து வரி, ஒவ்வொரு வரியிலயும் நிலைமை மாறணும். முடிச்சதும் பழைய ஸ்கிரிப்டைத் திறந்து, "இங்கே ஒரு மாஸ் ஃபைட் வருது" என்ற வரியை அழிச்சுட்டு இந்த ஐந்து வரியை அங்கே ஒட்டுங்க. ஆறாவது வரி என்னன்னு உங்க ஹீரோவே சொல்லுவான்.