ஆங்கிலத்துச் சுட்டும் வினாவும்

ஆங்கிலம் கற்கப் புகும் சிறுவர்க்கு நெடுஞ்சொற்களே இடர் விளைக்கும் என்பது பலர் கருத்து. எம் அனுபவம் இதற்கு மாறானது. நெடுஞ்சொல் ஒன்றை ஒருமுறை நெட்டுருப் பண்ணிவிட்டால் அது மனத்தில் நிற்கும். சிறு சொற்களோ ஒன்றன் உருவில் மற்றொன்று தோன்றி மயக்கும். யாம் கிராமத்துப் பள்ளியில் பயின்ற காலத்தில், 'வென்', 'வேர்', 'தென்', 'தேர்' முதலிய சொற்கள் கரும்பலகையில் வரிசையாக எழுதப்படும். எதிரே தமிழ்ப் பொருளும் எழுதப்படும். காலையில் மனனம் செய்தவை மாலையில் இடம் மாறிவிடும். 'எப்பொழுது' என்று எழுத வேண்டிய இடத்தில் 'அப்பொழுது' என்று எழுதி, வகுப்பு முடியுமளவும் பலகைமேல் நின்றது இன்றும் நினைவிலுள்ளது. இச்சொற்கள் ஏன் இங்ஙனம் ஒத்திருக்கின்றன என்று எவரும் எமக்கு உரைத்திலர். கேட்க வேண்டுமென்று எமக்கும் தோன்றவில்லை.

இக்கல்லூரிக்கு வந்து, ஆனர்ஸ் வகுப்பில் நன்னூல் எழுத்தியலைப் பாடங்கேட்டபொழுதே அதற்கு விடை கிடைத்தது. அகரம் சேய்மையையும், இகரம் அண்மையையும், உகரம் இடைநிலையையும் சுட்டும், எகரம் வினாவும். உகரச் சுட்டு நம் வழக்கில் ஒழிந்ததாயினும், யாழ்ப்பாணத்தார் பேச்சில் 'உது', 'உவன்' என இன்னும் உயிர் வாழ்கின்றது. 'எங்கு, அங்கு, இங்கு' என்பவற்றில் பின்பகுதி இடத்தை உணர்த்தி மாறாது நிற்க, முதலெழுத்து ஒன்றே மாறிப் பொருளை வேறுபடுத்துகின்றது. இதனை உணர்ந்த அக்கணமே, பழைய கரும்பலகை எம் கண்முன் வந்து நின்றது.

எச், இ, ஆர், இ என்னும் நான்கு எழுத்துகளை எழுதினால் 'ஹியர்', அதாவது 'இங்கு' என்னும் சொல்லாகும். அதன் முன்னர் 'டபிள்யூ' என்னும் எழுத்தை இடுக; 'வேர்', அதாவது 'எங்கு' என்றாகும். அதனை நீக்கி 'டீ' என்னும் எழுத்தை இடுக. 'தேர்', அதாவது 'அங்கு' என்றாகும். இவ்வாறே பிறவும் வரும்.

எங்கு, அங்கு, இங்கு: வேர், தேர், ஹியர்.
எங்கிருந்து, அங்கிருந்து, இங்கிருந்து: வென்ஸ், தென்ஸ், ஹென்ஸ்.
எவ்விடத்திற்கு, அவ்விடத்திற்கு, இவ்விடத்திற்கு: விதர், திதர், ஹிதர்.

பின்னிரு வரிசைகளும் இக்காலப் பேச்சில் அருகிவிட்டன. எனினும் 1611-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தைப் படிப்போர் அவற்றைப் பக்கந்தோறும் காண்பர். 'வாட்' என்பது 'எது'. 'தாட்' என்பது 'அது'. 'வென்' என்பது 'எப்பொழுது'. 'தென்' என்பது 'அப்பொழுது'. எனவே, 'டபிள்யூ' வினாவெழுத்துப் போலவும், 'டீ' சுட்டெழுத்துப் போலவும் நின்று பயன்படுகின்றன. 'இது' எனப் பொருள்படும் 'திஸ்' என்னும் சொல் அண்மையைக் குறித்தும் 'டீ'யில் தொடங்குதலால், தமிழ் அகரத்தைப் போல 'டீ' சேய்மைக்கே உரியதன்று என்பதும் அறியத்தக்கது.

விதிக்குப் புறம்பாகத் தோன்றும் சொற்களும் ஆராயின் விதிக்குள் அடங்கும். 'வை' என்பதற்கு 'ஏன்' என்று பொருள் கற்றோம். பழைய ஆங்கிலத்தில் அது 'வாட்' என்பதன் கருவிப் பொருள் வேற்றுமை உருவமாகும். நம் இலக்கணப்படி கூறின் மூன்றாம் வேற்றுமை. 'எதனால்' என்பதே அதன் நேர்பொருள். 'எவ்வாறு' என வினாவும் 'ஹௌ' என்பது எச்சில் தொடங்கினும், அதுவும் வினாக் குடும்பத்துப் பிள்ளையே.

உச்சரிப்புக்கும் இவ்வறிவு உதவும். டீயும் எச்சும் சேர்ந்து சொல்லின் முதலில் வருங்கால், சுட்டுச் சொற்களிலும் அவை போன்ற சில சிறு சொற்களிலும் மட்டுமே, 'அது' என்பதிலுள்ள தகரம் போல மெலிந்து ஒலிக்கும். 'எண்ணு' எனப் பொருள்படும் 'திங்க்', 'மெல்லிய' எனப் பொருள்படும் 'தின்' முதலிய பிற சொற்களில் அம்மெலிவு இல்லை.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். டபிள்யூவையும் டீயையும் முன்னே இடுதல் நினைவிற்கு உதவும் உபாயமேயன்றிச் சொற்பிறப்பு அன்று. பழைய ஆங்கிலத்தார் வினாச் சொற்களில் எச் எழுத்தையே முன்னும் டபிள்யூவின் ஒலியைப் பின்னும் எழுதினர். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னரே எழுதுவோர் அவ்வரிசையை மாற்றினர். இச்சொற்களின் உண்மை உறவினர் வடமொழியிலும் இலத்தீனிலும் உளர். வடமொழியில் 'குத்ர' எங்கு, 'தத்ர' அங்கு. 'கதா' எப்பொழுது, 'ததா' அப்பொழுது. வடமொழிக்கும் கிரேக்கம், இலத்தீன் முதலியவற்றிற்கும் மூலம் ஒன்றாகலாம் என்று சர் வில்லியம் ஜோன்ஸ் 1786-இல் கல்கத்தாவில் உரைத்தார். அம்மூலத்தின் ககரம் ஆங்கிலக் கிளையில் ஹகரமாகவும், தகரம் டீயும் எச்சும் சேர்ந்த ஒலியாகவும் திரிந்த முறையை ஜெர்மானிய அறிஞர் யாக்கோபு கிரிம் 1822-இல் விளக்கினார்.

தமிழ் அக்குடும்பத்தைச் சார்ந்ததன்று. தென்னாட்டு மொழிகள் வடமொழியிற் பிறந்தவை அல்ல என்பதை 1816-இல் எல்லிஸ் துரை எடுத்துக் காட்டினார். 1856-இல் கால்டுவெல் ஐயர் விரிவாக நிறுவினார். ஆகவே, நாம் கண்டது அமைப்பின் ஒற்றுமையேயன்றிக் குருதியின் உறவு அன்று. 'எய்ட்', 'எட்டு' என்னும் எண்ணுப் பெயர்களின் ஓசையைக் கண்டு மயங்குவாரும் உளர். முன்னது வடமொழி 'அஷ்ட' என்பதன் சுற்றம். பின்னதன் அடி, 'எண்பது', 'எண்ணாயிரம்' என்பவற்றில் வெளிப்படும் 'எண்' என்பதே. மொழிப்பற்று நல்லது, ஆயினும் அது பொய்யை ஊன்றுகோலாகக் கொள்ளலாகாது.

"தமிழிலக்கணம் கற்று என்ன பயன்? ஆங்கிலத் தேர்வில் அது கைகொடுக்குமா?" என்று நண்பர் சிலர் எம்மை வினவுவதுண்டு. அவர்க்கு யாம் கூறும் விடை ஒரு சிறு நிகழ்ச்சியே. சென்ற கோடை விடுமுறையில், எம் தம்பிக்கு இச்சொற்களை மேற்கூறிய முறையில் கற்பித்தோம். அரை மணி நேரத்தில் அனைத்தையும் பிழையின்றி ஒப்பித்தான். பின்னர்ச் சற்றே எண்ணி, "அண்ணா, 'வென்' என்பது 'என்று', 'தென்' என்பது 'அன்று'. அப்படியானால் 'ஹென்' என்பது 'இன்று' தானே?" என்றான். 'ஹென்' என்பது பெட்டைக்கோழி என்று யாம் சொல்லவே, வீட்டார் அனைவரும் நகைத்தனர். அவன் நகைக்கவில்லை. "தமிழில் மூன்றும் இருக்க, ஆங்கிலத்தில் மட்டும் ஒன்று ஏன் குறைகிறது?" என்று கேட்டான்.

பலகைமேல் நின்ற நாளில் எமக்குத் தோன்றாத வினா அது.