இலங்கையின் இயற்கை உற்பாதங்கள்: மூன்று பாடங்கள்

தேசப்படத்தை நோக்குவோர், தனுஷ்கோடி முனைக்கு எதிரே இலங்கைத் தீவு அமைந்திருத்தலைக் காண்பர். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 6 பாகை முதல் 10 பாகை வரை பரந்துள்ள இத்தீவின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். நிலப்பரப்பு சிறியதே எனினும் புயல், வெள்ளம், மண்சரிவு, வறட்சி, ஆழிப்பேரலை ஆகிய ஐவகை உற்பாதங்களும் இங்கு நிகழ்ந்துள்ளன. ஒரே புயலும் ஒரே பேரலையும் இத்தீவையும் தமிழ்நாட்டுக் கரையையும் சேர்த்தே தாக்கியதுண்டு. ஆகவே இவ்வரலாறு நமக்கும் உரியதாகும்.

இயற்கையின் சீற்றத்தைத் தடுத்தல் இயலாது. உயிர்ச்சேதத்தைக் குறைத்தல் இயலும். அதற்கு மூன்று வேண்டும். அபாயத்தின் அறிகுறியை மக்கள் அறிந்திருத்தல் வேண்டும். எச்சரிக்கை உரிய காலத்தில் அவர்களை எட்டுதல் வேண்டும். எட்டியபின் சென்று தங்குதற்கு இடம் இருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் ஏனைய இரண்டும் பயன் தரா. கடந்த காலத்தில் எது எங்கே குறைந்தது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தீவின் அமைப்பு

தீவின் நடுவே மலைநாடு உள்ளது. அதன் மிக உயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலை 2,524 மீட்டர் உயரமுடையது. மே மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்று இம்மலைகளில் மோதி, மேற்கிலும் தென்மேற்கிலும் பெருமழை பொழிகிறது. களனி, களு முதலிய ஆறுகள் அப்போது கரைபுரளும். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் நேர்ந்த வெள்ளத்திலும் மண்சரிவிலும் ஒவ்வொரு முறையும் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

வடக்கும் கிழக்கும் வறண்ட பிரதேசங்கள். வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் அங்கு வறட்சி நேரும். இதனை உணர்ந்த பண்டை மக்கள் குளங்களை வெட்டினர். பொலன்னறுவையிலுள்ள பராக்கிரம சமுத்திரம், 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு மன்னனால் பெருக்கி அமைக்கப்பட்டது. அடிக்கடி வரும் துன்பத்திற்கு மனிதன் ஆயத்தம் செய்துகொள்கிறான். தலைமுறைக்கு ஒருமுறை வருவதையோ மறந்துவிடுகிறான். பேரழிவுகள் பல இம்மறதியினாலேயே விளைந்தன.

செய்தி எட்டாத இரவு

பூமி சுழல்வதால் காற்றுக்கு ஏற்படும் திருப்பம் பூமத்திய ரேகையை ஒட்டி மிகக் குறைவு. ஆதலின் அதன் அருகே புயல்கள் உருவாதல் அரிது. வங்கக் கடலில் தோன்றும் புயல்களுள் பல, இலங்கையை விட்டு விலகி இந்தியக் கரையையோ வேறு கரைகளையோ நோக்கிச் செல்கின்றன. எனினும் சில நேரே வந்து தாக்கியுள்ளன.

1964 டிசம்பர் 22ஆம் தேதி ஒரு கடும்புயல் இலங்கையின் வடபகுதியைக் கடந்து பாக் நீரிணையை அடைந்தது. அக்கடல் ஆழங் குறைந்தது. ஆழமற்ற கடலில் காற்றினால் தள்ளப்படும் நீர் கீழே பரவ இடமின்றி மேலெழும்பும். அன்றிரவு அவ்வாறு எழுந்த நீர் தனுஷ்கோடியை மூழ்கடித்தது. பாம்பனிலிருந்து அங்குச் சென்ற பிரயாணி ரயில், நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளுடன் அழிந்தது. தனுஷ்கோடி பின்னர் வாழ்தற்கு ஏற்ற ஊரன்று என அரசினரால் அறிவிக்கப்பட்டது. 1978 நவம்பர் 23ஆம் தேதி இரவு மற்றொரு புயல் மட்டக்களப்பைத் தாக்கித் தென்னந்தோப்புகளை வீழ்த்தியது. அதில் மாண்டோர் ஏறத்தாழ 900 பேர்.

இன்று நிலைமை வேறு. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் இன்சாட் கோள்கள் வங்கக் கடலை இடையறாது நோக்குகின்றன. புது டில்லியிலுள்ள இந்திய வானிலைத் துறை, தன் முன்னறிவிப்புகளை இலங்கை உள்ளிட்ட அண்டை நாடுகளுக்கும் வழங்குகிறது. ஆயினும் விண்ணிலிருந்து கண்ட செய்தி கடற்கரைக் குடிசையின் வாயிலை அடைந்தாலன்றிப் பயனில்லை. அக்கடைசித் தொலைவைக் கடத்துவோர் ஊர்ப்புற அலுவலரும் ஆசிரியருமே ஆவர்.

அறியப்படாத அறிகுறி

1883 ஆகஸ்டு 27ஆம் தேதி கிரகடோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலை இலங்கை வரை வந்தது. தென்கரையிலுள்ள காலித் துறைமுகத்தில் கடல் உள்வாங்கியதை அக்கால மக்கள் கண்டனர். அதன்பின் 121 ஆண்டுகள் கழிந்தன. கண்டோர் மறைந்தனர், செய்தியும் மறைந்தது.

2004 டிசம்பர் 26ஆம் தேதி காலை, சுமத்ராவுக்கு அருகே கடலடியில் 9.1 அளவுள்ள பூகம்பம் நிகழ்ந்தது. ஆழ்கடலில் இத்தகைய அலை மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் செல்லும். கரையை நெருங்குகையில் வேகம் குறைந்து உயரம் மிகும். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை இலங்கையின் கீழ்க்கரையை அடைந்தது. அந்த இரண்டு மணி நேரமும் வீணாயிற்று. இந்துமாக்கடலில் எச்சரிக்கை அமைப்பு அப்போது இல்லை. கடல் உள்வாங்கிய சில இடங்களில் மக்கள் அப்புதுமையைக் காணக் கரைக்குச் சென்றனர். பெரேலியாவில் முதல் அலைக்கு அஞ்சியோர் நின்றிருந்த ரயிலில் ஏறிப் புகலடைந்தனர். அதனினும் பெரிய அடுத்த அலை ரயிலையே புரட்டியது. அங்கு மாண்டோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். தீவு முழுவதிலும் 30,000க்கு மேற்பட்டோர்.

கடல் திடீரென உள்வாங்குதல் அலையின் முன்னறிகுறி ஆகலாம். முதல் அலையே பெரிய அலை என்பதில்லை. இவ்விரு செய்திகளை அறிந்திருந்தால் பலர் பிழைத்திருப்பர். பின்னர் இலங்கையில் 2005ஆம் ஆண்டு அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. ஹைதராபாத்தில் 2007ஆம் ஆண்டு சுனாமி எச்சரிக்கை நிலையம் நிறுவப்பட்டது. 2012 ஏப்ரல் 11ஆம் தேதி அதே கடற்பகுதியில் 8.6 அளவுள்ள பூகம்பம் நிகழ்ந்தபோது, இலங்கைக் கரையோர மக்கள் எச்சரிக்கை பெற்று உள்நாடு சென்றனர். பேரலை எழவில்லை, எனினும் அன்று நடந்த பயணம் வீண் அன்று.

போக்கிடம் இல்லாமை

2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தை தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்தது. தமிழ்த் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்ணில் புதைந்தன. பள்ளிக்குச் சென்றிருந்த சிறுவர் தப்பினர். அவருட் சிலர் பெற்றோரை இழந்தனர். அது அபாயப் பகுதி என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த நிலமில்லை. லயத்தை விட்டால் வேறு வீடுமில்லை. செல்ல இடமில்லாதவனுக்கு எச்சரிக்கை என்பது வெறும் அச்சமே.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் காற்றைவிட மழையே கொடியதாயிற்று. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நீலகிரி, வயநாடு, குடகு முதலிய நம் மலைப்பகுதிகளில் பணிபுரிவோர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

இலங்கையின் தேசியக் கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேர மழையளவைக் கொண்டு மூன்று படிகளை வகுத்துள்ளது. 75 மில்லிமீட்டரானால் விழிப்பு. 100 ஆனால் புறப்பட ஆயத்தம். 150 ஆனால் வெளியேற்றம். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்பு, மரங்களும் கம்பங்களும் சாய்தல், புதிய ஊற்று தோன்றுதல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல் ஆகியவை சரிவின் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் அளவுக்குக் காத்திராது அகலுதல் வேண்டும்.

ஆசிரியர்க்கும் அலுவலர்க்கும் சில பயிற்சிகள்

1. அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, நாள்தோறும் காலை ஒரே நேரத்தில் நீரின் உயரத்தை அளவுகோலால் மாணவர் அளந்து குறித்து வருக.

2. ஊரிலுள்ள முதியோரிடம் அவர்கள் கண்ட வெள்ளம், புயல் ஆகியவற்றைக் கேட்டு, நீர் ஏறிய மட்டத்தைப் பள்ளிச் சுவரில் ஆண்டுடன் குறிக்க.

3. ஊரின் படம் வரைந்து, மேட்டு நிலத்தையும் அதற்குச் செல்லும் வழியையும் காட்டுக. இரவில் முதியோரும் நோயாளரும் அவ்வழியே செல்ல இயலுமா என ஆராய்க.

4. எச்சரிக்கை கிடைத்தும் வீட்டை விட்டு நீங்க இயலாதோர் ஊரில் யாவர்? அவர் பட்டியலை மழைக்காலத்திற்கு முன்னரே தயாரித்து உரிய அதிகாரிக்கு அனுப்புக.

இந்நான்கனுள் இறுதியானதே மிகக் கடினமானது. அதனையே முதலில் செய்தல் நன்று.