பச்சையெல்லாம் பாசியல்ல

நம்பிக்கை: தேங்கிய நீரில் மிதக்கும் பச்சைப் படலம் எல்லாம் பாசி.

உண்மை: அள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும். பாசி நூல் நூலாக வழுக்கும், இல்லையேல் நீரோடு நீராகப் பச்சையாய்க் கலந்து நிற்கும். தனித்தனித் தட்டுகளாகவோ மணிகளாகவோ விரலில் ஒட்டுவது பெரும்பாலும் டக்வீட். சேம்பு, சேனையின் குடும்பத்தைச் சேர்ந்த பூச்செடி. வெள்ளைத் தட்டில் கொஞ்சம் நீர் விட்டு, ஒன்றைக் குப்புறப் புரட்ட வேண்டும். ஒற்றை வேர் தொங்கினால் லெம்னா. வேர்கள் கொத்தாக இருந்து அடிப்புறம் செவ்வூதாவாக இருந்தால் ஸ்பைரோடெலா. இதன் தட்டு அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வரை இருக்கும். வேரே இல்லாமல், தேய்த்தால் ரவையாக நெருடுவது வுல்ஃபியா. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது, லெம்னாவின் அடிப்புறமும் சில நேரம் சிவக்கும். வேரை எண்ணுவதே நல்லது.

நம்பிக்கை: இவ்வளவு சிறிய செடி பூக்காது.

உண்மை: அரிதாகப் பூக்கும். வுல்ஃபியாவின் முதுகுக் குழியில் ஒரு மகரந்தத்தாளும் ஒரு சூலகமும் மட்டுமே. உலகின் மிகச் சிறிய பூச்செடிகள் இந்தப் பேரினத்தில்தான் உள்ளன. ஆனால் பெருகுவது பெரும்பாலும் பூவால் அல்ல, உடலிலிருந்தே மொட்டுவிட்டு. சூழல் வாய்த்தால் இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பாகும்.

நம்பிக்கை: அசோலாவும் டக்வீடும் ஒன்று.

உண்மை: அசோலா பெரணி. பூவும் விதையும் கிடையாது. சிற்றிலைகள் செதில் செதிலாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். அதன் இலைக்குழிகளில் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால்தான் நெல்வயலில் அதை உரமாக விடுகிறார்கள். லெம்னாவை விட்டால் அந்தப் பலன் கிடைக்காது.

நம்பிக்கை: ஜலபர்ணியைப் போல டக்வீடும் வந்தேறி.

உண்மை: புனேவில் பாஷாண் ஏரியையும் முளா-முட்டா ஆற்றையும் அடைக்கும் ஜலபர்ணி, அதாவது வெங்காயத்தாமரை, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. டக்வீட் இனங்கள் பல இந்த மண்ணுக்கும் இயல்பானவை. ஆனால் இரண்டும் கொழுப்பது ஒரே உணவில்: கழிவுநீர் கொண்டுவரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும். எனவே டக்வீட் படர்ந்தால் நீர் சுத்தமானது என்ற பேச்சும் தவறு. அது சத்துகளை உறிஞ்சுவது உண்மைதான். அரித்து வெளியேற்றாவிட்டால் அழுகி, உறிஞ்சியதை நீருக்கே திருப்பித் தந்துவிடும்.

இனப்பெயர் வரை உறுதி வேண்டுவோருக்கு இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் மேற்கு மண்டல மையம் 1955 முதல் புனேவிலேயே இருக்கிறது. தாய்லாந்தில் வுல்ஃபியாவை உண்கிறார்கள். ஆனால் டக்வீட் கன உலோகங்களையும் உறிஞ்சும் என்பதால், நகரத்து ஏரியில் அரித்ததை மனிதருக்கோ மாட்டுக்கோ உணவாக்கக் கூடாது.