கடலுக்குள் எடுத்த படத்தில் பனி பெய்கிறதே!

கேள்வி: காம்பாக்ட் கேமராவை நீர்புகாப் பெட்டிக்குள் வைத்துக் கடலுக்கடியில் படம் எடுத்தேன். எல்லாம் நீலமாக வருகிறது. ஃபிளாஷ் போட்டால் படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். வெளி ஃபிளாஷ் வாங்கலாமா?
– ஒரு வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: தாராளமாக வாங்கலாம். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். உங்கள் ஊர்த் தறியில் நெய்த அரக்குச் சேலையைப் பத்து மீட்டர் ஆழத்தில் விரித்தால் கறுத்துத் தெரியும். ஃபிளாஷ் வெளிச்சம் பட்டால்தான் நிறம் திரும்பும்.

அந்தப் புள்ளிகள், நீரில் மிதக்கும் தூசு. கேமராவின் ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியே இருப்பதால் எதிரே உள்ள தூசெல்லாம் பளிச்சிடுகிறது. வெளி ஃபிளாஷை ஒரு கை நீளம் பக்கவாட்டில் தள்ளி, முகத்தைச் சற்றே வெளிப்புறம் திருப்பி வையுங்கள். வெளிச்சத்தின் ஓரம் மட்டும் மீன்மேல் பட்டால் போதும். உள் ஃபிளாஷை மறைத்துவிட்டு, ஃபைபர் கேபிள் வழியே அது வெளி ஃபிளாஷைத் தூண்டுமாறு செய்யுங்கள். ஒரு மீட்டருக்குள் நெருங்காமல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியும் பயனில்லை, ஜூமை மறந்துவிடுங்கள்.

பெட்டியின் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி சிக்கினாலும் கேமரா போச்சு. முதலில் காலிப் பெட்டியை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள்.

பழக நீச்சல் குளம் போதும். (உங்கள் ஊர் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் பள்ளிகொண்டிருக்கும் அனந்தசரஸ் குளத்துப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்! 2019இல்தான் தரிசனம் தந்துவிட்டு உள்ளே போயிருக்கிறார்.) கடலுக்குப் போவதென்றால், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. புதுச்சேரியில் பயிற்சியாளரோடு இறங்கலாம், ஐப்பசி கார்த்திகை மழைக் கலங்கல் தெளிந்த பிறகு.