லாரிக்கு ஈ.சி.எம். மாற்றுவது எப்படி?

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, ஸ்கேனர் போட்டால் இன்ஜின் பதில் தரவில்லை. உடனே "ஈ.சி.எம். போயிருச்சு" என்று சொல்லிவிடுவது இப்போது பட்டறைகளில் சகஜமாகிவிட்டது. 2017 ஏப்ரலில் பி.எஸ்.4, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்று விதிகள் இறுகிய பிறகு, டீசலை எப்போது எவ்வளவு தெளிப்பது என்பதிலிருந்து புகையைச் சுத்தமாக்க யூரியா அடிப்பது வரை எல்லாமே ஈ.சி.எம். (இன்ஜின் கன்ட்ரோல் மாட்யூல்) என்ற இந்த ஒரு பெட்டியின் கையில்தான் இருக்கிறது. அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் சந்தேகம் முதலில் அதன்மேல்தான் விழுகிறது. ஆனால் பெட்டியின் விலை பல பத்தாயிரம் ரூபாய். ஒருமுறை வண்டியில் மாட்டிய எலக்ட்ரிகல் பாகத்தைக் கடைக்காரர் பொதுவாகத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். ஆகவே ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். கழற்றி மாட்டுவது சிறிய வேலை. பழுது அங்கேதான் என்று உறுதி செய்வதும், புதிய பெட்டிக்குள் சரியான தகவலை ஏற்றுவதும்தான் பெரிய வேலை.

பெட்டியைச் சந்தேகிக்கும் முன்

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். 24 வோல்ட் வண்டியில் ஓய்வு நிலையில் இரண்டு பேட்டரியும் சேர்ந்து 25 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 18-க்குக் கீழே விழுந்தால் ஈ.சி.எம்.மை விட்டுவிட்டு பேட்டரியையும் கேபிளையும் கவனியுங்கள். அடுத்து ஃபியூஸ்கள், மெயின் ரிலே.

பிறகு ஈ.சி.எம்.முக்கு வரும் சப்ளையும் எர்த்தும். பலர் ஏமாறுவது இங்கேதான். மீட்டரை வைத்தால் 24 வோல்ட் காட்டும், "சப்ளை நல்லாயிருக்கு" என்று முடிவு செய்துவிடுவார்கள். வயருக்குள் எல்லாக் கம்பியும் அறுந்து ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 24 வோல்ட் காட்டத்தான் செய்யும். லோடு கொடுத்தால்தான் உண்மை தெரியும். 24 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை எடுத்து, ஈ.சி.எம். கனெக்டரின் சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே கொடுத்துப் பாருங்கள். பளிச்சென்று எரிய வேண்டும். எரியும்போதே எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மீட்டர் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில்தான் கோளாறு. சேஸில் எர்த் போல்ட் இருக்கும் இடத்தில் துருவைச் சுரண்டி இறுக்கியதும் ஓடத் தொடங்கும் வண்டிகள் உண்டு. ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: பல வண்டிகளில் மெயின் ரிலேயை இழுப்பதே ஈ.சி.எம்.தான். கனெக்டரைக் கழற்றிவிட்டால் அந்த பின்களுக்குக் கரண்ட் வராது. அதைக் குறை என்று எண்ணிவிடாமல், வயரிங் படத்தைப் பார்த்து ரிலே சாக்கெட்டில் பிரிட்ஜ் போட்டுச் சோதியுங்கள். பின்னுக்குள் மீட்டரின் ஊசியை மட்டும் குத்தாதீர்கள். பின் விரிந்துவிட்டால் பிறகு லூஸ் கான்டாக்ட்தான். அதே அளவுள்ள உதிரி பின் ஒன்றை வயரோடு சேர்த்து வைத்துக்கொண்டு அதைச் செருகி அளவெடுங்கள்.

அடுத்தது 5 வோல்ட். பிரஷர் சென்சார்கள், ஆக்சிலேட்டர் பெடல் போன்றவற்றுக்கு ஈ.சி.எம். 5 வோல்ட் அனுப்புகிறது. ஏதாவது ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனால் அந்த லைன் முழுவதும் படுத்துவிடும். ஒரே நேரத்தில் நாலைந்து சென்சார்களுக்குப் பழுதுக் கோடு (code) விழும், சில வண்டிகளில் இன்ஜினே ஸ்டார்ட் ஆகாது. பார்ப்பவருக்கு ஈ.சி.எம். செத்தது போலவே தோன்றும். சாவியை ஆன் செய்து, சென்சார் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே 5 வோல்ட்டைக் கவனியுங்கள். எதைக் கழற்றும்போது திரும்பி வருகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றி, வயரிங்கிலும் ஷார்ட் இல்லை என்று உறுதியான பிறகும் 5 வோல்ட் வரவில்லை என்றால்தான் பெட்டிமேல் சந்தேகம் வலுக்கிறது.

ஸ்கேனருக்குப் பதில் வராவிட்டால், வண்டியின் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் (CAN) லைனைப் பாருங்கள். பேட்டரியைப் பிரித்துவிட்டு, கேன்-ஹை, கேன்-லோ இரண்டுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். லைனின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் வரும் கணக்கு இது. 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது, பூஜ்யத்துக்கு அருகே காட்டினால் ஷார்ட். சில வண்டிகளில் ஒரு ரெசிஸ்டர் ஈ.சி.எம்.முக்குள்ளேயே இருக்கும். அதைக் கழற்றிவிட்டு அளந்தால் 120 வருவது இயல்பு.

ஸ்கேனரில் எஸ்.பி.என். 629, எஃப்.எம்.ஐ. 12 என்றோ, பி0606 என்றோ வந்தால் ஈ.சி.எம். தன் உட்பழுதைத் தானே சொல்கிறது என்று பொருள். அப்போதும் சப்ளையையும் எர்த்தையும் சோதிக்காமல் முடிவு செய்யாதீர்கள்.

பெட்டிதான் பழுது என்று உறுதியானால் அது ஏன் பழுதானது என்று கேளுங்கள். இன்ஜெக்டர் வயர் ஹெட்டில் உரசி பாடியோடு ஷார்ட் ஆகியிருந்தால் புதிய பெட்டியும் அதே வழியில் போகும். ஒவ்வொரு இன்ஜெக்டர் வயருக்கும் இன்ஜின் பாடிக்கும் இடையே தொடர்பே இருக்கக்கூடாது. கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால், தண்ணீர் வயர் வழியாக எங்கோ மேலிருந்து இறங்கியிருக்கலாம். நுழைந்த இடத்தை அடைக்காமல் புதியதை மாட்டாதீர்கள்.

கழற்றுவதும் மாட்டுவதும்

பழைய ஈ.சி.எம். பேசும் நிலையில் இருந்தால், கழற்றும் முன் அதிலுள்ள எல்லாவற்றையும் ஸ்கேனரில் சேமியுங்கள்: சேஸ் எண், ஹார்டுவேர் எண், சாஃப்ட்வேர் எண், இன்ஜெக்டர் கோடுகள், ஓடிய கிலோமீட்டர், வேகக் கட்டுப்பாடு, புகை ஃபில்டரில் (டி.பி.எஃப்.) சேர்ந்த புகைக்கரி, சாம்பல் அளவு. பேசாவிட்டால், பெட்டியின் லேபிளையும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையில் பொறித்திருக்கும் கோடையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கோடு எந்த சிலிண்டருக்கு என்பது மாறக்கூடாது. தயாரிக்கும்போதே இன்ஜெக்டர்களிடையே நூலிழை வித்தியாசம் இருக்கும். அந்தக் கோடு அதைத்தான் ஈ.சி.எம்.முக்குச் சொல்கிறது. மாற்றிப் போட்டால் ஐட்லிங்கில் உதறல், புகை, டீசல் வீண்.

சாவியை ஆஃப் செய்ததும் கட்-ஆஃப் சுவிட்சைத் திருப்பாதீர்கள். பி.எஸ்.6 வண்டியில் யூரியா பம்ப் லைனில் மிச்சமிருப்பதை டாங்கிக்குத் திரும்ப இழுத்துக்கொள்ளச் சில நிமிடங்கள் பிடிக்கும், ஈ.சி.எம். தன் நினைவைப் பதிவதும் அப்போதுதான். பம்ப் சத்தம் அடங்கிய பிறகு கட்-ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். இன்ஜெக்டரை இயக்க ஈ.சி.எம். பேட்டரியைவிட அதிக வோல்ட்டை உள்ளே சேர்த்து வைக்கும், அது வடியவும் இந்த இடைவெளி தேவை.

கனெக்டரைச் சுற்றியுள்ள மண்ணையும் கிரீஸையும் துணியால் துடைத்துவிட்டுத் திறங்கள். லாக்கை முழுவதும் விடுவித்தால் கனெக்டர் தானே எழும்பி வரும், நெம்ப வேண்டியதில்லை. புதிய பெட்டியை அட்டையிலிருந்து எடுக்கும் முன் சேஸின் வெறும் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள், பின்களில் விரல் படக்கூடாது. ரப்பர் மவுண்ட், எர்த் பட்டி, இருந்தால் கூலிங் பிளேட், மூன்றும் பழைய இடத்துக்கே வர வேண்டும். போல்ட்டுகளைக் கம்பெனி சொன்ன டார்க்கில் முடுக்குங்கள். பெட்டியில் காற்று போகும் சிறிய துளை ஒன்று இருக்கும், அதில் பெயின்டோ கிரீஸோ படியவிடாதீர்கள். கடைசியாக நெகட்டிவ் டெர்மினல்.

சாஃப்ட்வேர் ஏற்றுதல்

புதிய பெட்டி பெரும்பாலும் காலியாகவே வரும். சேஸ் எண்ணுக்கு உரிய சாஃப்ட்வேரை கம்பெனி சர்வீஸ் சென்டரோ அனுமதி பெற்ற டூல் உள்ளவரோதான் ஏற்ற முடியும். ஏற்றும்போது பேட்டரி சார்ஜரைப் போட்டு வோல்ட்டேஜைச் சீராக வைத்திருங்கள். விளக்கு, ஃபேன், ஏ.சி. எல்லாம் ஆஃப். பாதியில் கரண்ட் போனால் புதிய பெட்டியே உயிரில்லாமல் போகலாம். அது முடிந்ததும் இன்ஜெக்டர் கோடுகள், வேகக் கட்டுப்பாடு, இம்மொபிலைசர் சாவி, ஃபில்டர் சாம்பல் அளவு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பதியுங்கள். சாம்பல் அளவு பூஜ்யமாக நின்றால், பாதி நிறைந்த ஃபில்டரைப் புதியது என்று ஈ.சி.எம். நம்பிக்கொண்டிருக்கும்.

பழைய வண்டியிலிருந்து எடுத்த செகண்ட்ஹேண்ட் பெட்டியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். எண்கள் எல்லாம் ஒத்திருந்தாலும், அது எந்தத் தண்ணீரில் நனைந்தது, எந்த ஷார்ட்டைத் தாங்கியது என்பது வெளியே தெரியாது. கூடவே "யூரியாவையும் ஆஃப் பண்ணித் தர்றோம்" என்று சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அது சட்டப்படி தவறு. அந்தப் புகையை மூச்சில் இழுப்பவர்களில் முதல் ஆள் டிரைவர்தான்.

ஸ்டார்ட் செய்யும் முன், ஆறிய இன்ஜினில் சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரைப் பாருங்கள். கூலன்ட், டீசல், உள்ளிழுக்கும் காற்று ஆகியவற்றின் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். டர்போ பிரஷர் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான், சமவெளியில் சுமார் 100 கிலோபாஸ்கல், காட்ட வேண்டும். ஸ்டார்ட் ஆன பிறகு டீசல் ரெயில் பிரஷரில் ஈ.சி.எம். கேட்ட அளவும் வந்த அளவும் ஒட்டியே போகின்றனவா என்று கவனியுங்கள். அந்த லைனில் ஓடுவது ஆயிரம் பாருக்கு மேல் ஏறக்கூடிய அழுத்தம், ஓடும் இன்ஜினில் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். லோடோடு ஒரு மேடு ஏற்றிப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை ஆறிய நிலையில் மீண்டும் ஸ்கேன் செய்யுங்கள்.

இனி வண்டியில் வெல்டிங் வேலை வந்தால், பேட்டரி நெகட்டிவையும் ஈ.சி.எம். கனெக்டர்களையும் கழற்றிய பிறகே வெல்டர் ஹோல்டரைத் தொட வேண்டும். எர்த் கிளாம்ப் வெல்டு செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். வாட்டர் சர்வீஸில் கனெக்டர்மேல் நேராகத் தண்ணீர் அடிக்கவிடாதீர்கள். பாடி கட்ட வண்டியை விடும்போது இதையெல்லாம் டிரைவரிடம் சொல்லி அனுப்பாமல், பட்டறையில் வேலை செய்பவரிடம் நீங்களே நேரில் சொல்லிவிட்டு வாருங்கள்.