மனநோயாளியின் மாத்திரையும் ரமளான் நோன்பும்

சென்ற ஷஅபான் மாதத்தில் ஒரு நாள், இஷா தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்த பிறகு ஒரு வாலிபர் என்னருகே வந்து உட்கார்ந்தார்.

"ஹஜ்ரத், ஐந்து வருஷமாக மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அதனால் சுகமாகத்தான் இருக்கிறேன். ஆனால் கை நடுங்குகிறது, தாகம் தாளவில்லை, சுப்ஹுக்கு எழ முடியவில்லை. ஈமான் பலமாக இருந்தால் மாத்திரை எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். இந்த ரமளானில் மாத்திரையை விட்டுவிட்டு எல்லா நோன்பையும் பிடித்துவிடலாம் என்றிருக்கிறேன். சரிதானே?" என்றார்.

இக்கேள்வி பல வீடுகளில் வாய்விட்டுக் கேட்கப்படாமலே இருந்து வருகிறது. ஆகவே அவருக்குச் சொன்ன பதிலையே இங்கு பாடமாகத் தருகிறேன்.

1. மருந்து தவக்குலுக்கு மாற்றமானதா?

இல்லை. நோயைத் தந்த அல்லாஹ் அதற்கு மருந்தையும் தந்திருக்கிறான் என்று அறிவித்து, மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். மனநோயை நம் முன்னோர் இதிலிருந்து பிரிக்கவில்லை. ஹிஜ்ரி 322-ல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் சேர்த்தே ஒரு நூல் எழுதினார். கி.பி. 1284-ல் கெய்ரோவில் எழுந்த மன்ஸூரீ மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் தனி இடம் இருந்தது.

துஆ நம் ஆயுதம். தவாவை அது விலக்குவதில்லை. மருத்துவமின்றி நோயாளியைக் கட்டி வைப்பதன் முடிவை 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் கண்டோம். தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி மாண்டார்கள். இறந்தோர் 28 பேர். நோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அறவே தடை செய்துவிட்டது.

2. மருந்தின் நன்மையும் தொல்லையும்

அவ்வாலிபர் உண்பது லித்தியம். மிதமிஞ்சிய வேகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் நோய்க்கு (பைபோலார் என்பார்கள்) அது கொடுக்கப்படுகிறது. அதன் பயனை 1949-ல் வெளியிட்டவர் ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட். நோய் திரும்புவதை அது தடுக்கிறது. தற்கொலை அபாயத்தைக் குறைக்கிறது.

தொல்லைகளும் மெய்யே. தாகம், அடிக்கடி சிறுநீர், கைநடுக்கம், உடல் பருத்தல் ஆகியவை உண்டு. நாளடைவில் தைராய்டும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். எனவேதான் அவ்வப்போது இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். ஆயினும் திடீரென நிறுத்தினால் நோய் முன்னிலும் வேகமாகத் திரும்பக்கூடும்.

இரு தீங்குகள் எதிர்ப்பட்டால் சிறியதைப் பொறுத்துப் பெரியதைத் தடுக்க வேண்டும் என்பது ஃபிக்ஹுக் கலையின் விதி. ஆனால் சிறிய தீங்கையும் மௌனமாகச் சுமக்க வேண்டியதில்லை. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், வேளையை மாற்றலாம், வேறு மருந்தும் தரலாம். அதைச் செய்ய வேண்டியவர் டாக்டர், நாமல்ல.

3. நோன்பின் சட்டம்

லித்தியம் ஒருவகை உப்பு. உடலில் நீர் வற்றினால் சிறுநீரகம் அதை வெளியேற்றாமல் தேக்கிவிடும். இரத்தத்தில் அது லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்குமாறு பெரும்பாலும் பார்த்துக்கொள்வார்கள், 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகலாம். பகலெல்லாம் நீரின்றி இருப்பது இவருக்கு ஏன் ஆபத்து என்பது இப்போது விளங்கும்.

அல்பகரா அத்தியாயத்தின் 184, 185-ஆம் வசனங்களில் நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை வழங்கியிருக்கிறான். ஆகவே ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே டாக்டரைப் பாருங்கள். அவர் தடுத்தால் நோன்பை விட்டு, இயன்ற வேறு நாட்களில் களாச் செய்யுங்கள். எக்காலத்திலும் இயலாதென்றால் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவாக ஃபித்யா கொடுக்க வேண்டும். அதன் அளவு மத்ஹபுக்கேற்ப வேறுபடும். உள்ளூர் ஆலிமிடம் கேட்டறிக.

டாக்டர் அனுமதித்தால், அவர் சொல்லும் வேளைப்படி இஃப்தாரிலும் ஸஹரிலும் மாத்திரை உண்டு, இரவில் போதிய நீர் அருந்தி நோற்கலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் நடுக்கம், நடை தள்ளாடுதல், நாக்குழறல் கண்டால் உடனே நோன்பை விட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வலி மாத்திரைகளைக் கேளாமல் விழுங்காதீர்கள். இபுப்ரோஃபென் போன்றவை லித்தியத்தை இரத்தத்தில் மிகைப்படுத்தும்.

4. சுப்ஹு தவறினால்

எழ முயன்றும் தூக்கம் மிகைத்துவிட்டால் குற்றமில்லை. விழித்ததும் தொழ வேண்டும். இரவு மாத்திரையைச் சற்று முன்னதாக உண்ணலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வீட்டார் ஏசாமல் எழுப்பிவிடுங்கள்.

5. வீட்டாருக்கு

மாத்திரை உண்பவரைப் பைத்தியம் என்னாதீர்கள். புத்தி தெளிவாக உள்ளவர் தொழுகைக்குரியவர். வணக்கத்தில் உங்களுக்குச் சமமானவர். ரமளான் பகலில் அவர் தண்ணீர் குடித்தால் முறைத்துப் பார்க்காதீர்கள். அந்தக் குவளை அல்லாஹ் அனுமதித்தது.

அவ்வாலிபர் மாத்திரையை விடவில்லை. டாக்டர் சொற்படி அவ்வருட நோன்பை ஒத்திவைத்தார். தராவீஹுக்கு மட்டும் ஓரிரவும் தவறாமல் வந்தார்.

நோயுற்றோருக்கு நற்சுகத்தையும், நலமாயிருப்போருக்கு இரக்கத்தையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன்.